பேர் கேட்டது

டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம்
நாலு கோடு போட்டார்.
"உத்தேசமாகச் சொல்கிறேன்.
மூன்று பேர் கரையேறிவிடுவார்கள்.
ஒருவருக்கு இதுவே நோயாகத் தங்கிவிடலாம்."
எந்தக் கோடு நான் என்று கேட்டேன்.
"அது தெரிய ரெண்டு வருசம் ஆகும், ரெமிஜியுஸ்.
அதுவரை புகை கூடாது. மாத்திரையை நிறுத்தக்கூடாது."

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் திரும்பும் பஸ்ஸில்
பாலம் ஏறியதும் காற்று அறைந்தது.
நான் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன்.
அக்கா என்னைப் பிடித்திருந்தாள்.

மூன்று பேருக்கும் ஒரே பொட்டலம்தான்.
குந்துகாலில், கவிழ்த்துப் போட்ட வத்தையின் நிழலில்.
அருள்சீலன் இன்று மஸ்கட்டில் ஏசி மாட்டுகிறான்,
அவனுக்கு ஒரு ராத்திரித் தூக்கம்கூடக் கெடவில்லை.
பிரிட்டோ நாலு தடவை ஆஸ்பத்திரி போய் வந்துவிட்டான்.
தகரக் கதவின் ஓட்டைகளைத் துணி திணித்து அடைக்கிறான்,
நான் போனால் துணியை எடுக்காமல்
"நீ தானா?" என்கிறான்.
பதில் சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் ஆகிறது.

எனக்கு வந்தது வயர்லெஸ்ஸில்.
கச்சான் அடங்கிய ஒரு ராத்திரி
தீடைக்கு அந்தப் பக்கமிருந்து
புரியாத பாஷைக்காரன் என் பேரைச் சொன்னான்.
மறுநாள் ஐஸ் பெட்டி சொன்னது.
பிறகு நண்டு வலை.
கலங்கரை விளக்கு சுற்றிச் சுற்றி வந்து
என் விலா எலும்பை எண்ணிப் போனது.
பதினோரு நாள் தூங்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் வயர்லெஸ்ஸைக் கடலில் எறிந்துவிட்டு
அது இன்னும் பேசுகிறதா என்று பார்க்கப்
பின்னாலேயே குதித்தேன்.
நம்புராசன்தான் முடியைப் பிடித்துத் தூக்கினான்.
சம்மாட்டி தார்சீசுக்கு அந்தக் கடனை
வாரம் இருநூறாகக் கட்டுகிறேன் இன்னும்.

குணமாவது என்றால் சத்தம் நிற்பது என்று நினைத்திருந்தேன்.
சத்தம் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது.
உடம்பு பத்து கிலோ ஊதிற்று,
விரல் நடுங்கி வலைமுடிச்சு நழுவிற்று,
அதுவும் மெல்லச் சரியானது.
சரியாகாதது அக்காவின் கண்.
சிரித்தால் மாத்திரை அட்டையை எண்ணுகிறாள்.
சிரிக்காவிட்டால் இரண்டு தடவை எண்ணுகிறாள்.
குழம்பில் உப்பில்லை என்று
தட்டைத் தள்ள முடியாது என்னால்.
மற்றவனுக்கு அது கோபம்,
எனக்கு அறிகுறி.

பதினான்காம் மாசம் தார்சீஸ் ஆள் அனுப்பினார்.
சமையலுக்கு மட்டும். வயர்லெஸ் பக்கம் போகக்கூடாது.
படகில் நாலு பேர்.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நடுச்சாமம். கணவாய்க் குழம்பு கொதி வரும் நேரம்
"ரெமி... ரெமி..." என்றது.

நான் அசையவில்லை.
காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது.
மறுபடி, "ரெமி..."
சந்தேகம் வந்தால் பக்கத்து ஆளைக் கேள்
என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா.
கேட்கலாம்.
இல்லையே என்று அவன் சொல்லிவிட்டால்
நாலாவது கோடு.
எப்படிக் கேட்டேனோ தெரியாது.
"நம்பு, ஒனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

அவன் கயிற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"ஒன்னயத்தான்டா கூப்புடுறாங்ய,
இன்னாசி போட்டுல மொளகாத்தூள் தீந்துபோச்சாம்.
எடுத்துப் பேசேன்."

தார்சீசைப் பார்த்தேன்.
அவர் கடலைப் பார்த்தார்.
எடுத்தேன். பொத்தானை அமுக்கிய விரல் நடுங்கியது,
மாத்திரையாகவும் இருக்கலாம்.
"ரெண்டு பொட்டலம் இருக்கு, பக்கத்துல வாங்க" என்றேன்.
பொட்டலம் என்றதும் நம்பு சிரித்தான்.
நானும்.

இன்னும் பத்து மாசம் இருக்கிறது.

அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.
சம்மாட்டி எழுந்து வந்து
அப்பன் ஆத்தாளை எல்லாம் இழுத்து
வாய்க்கு வந்தபடி வைதார்,
எல்லாரையும் வைகிற மாதிரியே.